ஆங்கில வினையின் ‘மூட்’: ‘இஸ்’ வரும் இடத்தில் ஏன் ‘பீ’?

ஹட்டன் மாணவி:
லயத்துப் பாதையை (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போகும் பாதை) திருத்தித் தரச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுறோம். ‘வீ ரிக்குவெஸ்ட் தட் த ரோட் இஸ் ரிபெயார்ட்’ என்று எழுதினால் பிழையாம், ‘பீ’ போடணுமாம். ரோட் ஒருமைதானே? ‘மூட்’ என்றால் சொல்பவரின் நோக்கைக் காட்டும் வினை வடிவமாம். அதில் உள்ளதைச் சொல்லும் இண்டிகேட்டிவ், கட்டளையிடும் இம்பெரேட்டிவ் விளங்குது, சப்ஜங்டிவ்தான் விளங்கல.

பண்டாரவளை டீச்சர்:
‘பீ’தான் சரி தங்கச்சி. ரிக்குவெஸ்ட், டிமாண்ட், ரெக்கமண்ட், இட் இஸ் எசென்ஷியல் போன்றவற்றுக்குப் பிறகு ‘தட்’ வந்து, ஒன்று நடக்கவேண்டும் என்று கேட்டால், வினை மூல வடிவில் நிற்கும். இதுதான் சப்ஜங்டிவ். ‘ஹீ கம்ஸ்’ அங்கே ‘ஹீ கம்’ ஆகும். எதிர்மறையில் ‘டஸ்’ வராது: ‘தட் ஹீ நொட் பீ டிரான்ஸ்ஃபர்ட்’. முன்னால் ‘ரிக்குவெஸ்டட்’ என்று இறந்தகாலம் இருந்தாலும் ‘பீ’ அப்படியே. ‘தே கம்’ என்றால் வித்தியாசமே தெரியாது, குழப்பம் அதனால்தான். பிரித்தானிய வழக்கில் ‘ஷுட் பீ ரிபெயார்ட்’ என்றும் எழுதலாம். ‘வோண்ட்’டுக்கு மட்டும் ‘தட்’ போடாதீங்க. ‘வீ வோண்ட் த ரோட் டு பீ ரிபெயார்ட்’.

தலவாக்கலை வாசகன்:
இன்சிஸ்ட், சஜெஸ்ட் இரண்டிலும் கவனம். ‘ஹீ இன்சிஸ்ட்ஸ் தட் த கிளார்க் வெய்ஸ் த லீஃப் ட்வைஸ்’ என்றால், கிளாக்கர் கொழுந்தை இரண்டு தரம் நிறுக்கிறார் என்று அடித்துச் சொல்கிறார். ‘வெய்ஸ்’ஸை ‘வெய்’ ஆக்கினால், இரண்டு தரம் நிறுக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம். புகார்க் கடிதத்தில் அந்த ஓர் ‘எஸ்’ விஷயத்தையே தலைகீழாக்கிவிடும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு, வாழ்த்தும் வேண்டுகோளும் சொல்லும் வியங்கோள் வினை கைகொடுக்கும்: அவன் வாழ்க, அவள் வாழ்க, அது வாழ்க. ஆளுக்கு ஏற்ப வினை மாறுதா? ‘லாங் லிவ் த கிங்’கிலும் ‘லிவ்ஸ்’ இல்லை.

ஹட்டன் மாணவி:
‘வாஸ்’ஸுக்குப் பதிலா வரும் ‘வேர்’ரும் சப்ஜங்டிவாமே. அப்ப ‘இஃப்’ வந்தா எப்பவும் ‘வேர்’தானா?

பண்டாரவளை டீச்சர்:
இல்லை. நடக்காததைக் கற்பனை செய்தால் ‘இஃப் ஐ வேர் த மேனேஜர்’. பேச்சில் ‘வாஸ்’ஸும் புழங்கும், கடிதத்துக்கு ‘வேர்’ நல்லது. நேற்றுப் பிரட்டுக்கு (வேலைக்கு முன் தோட்டத்து ஆட்கள் கூடும் இடம்) அவர் வந்தாரோ என்னவோ என்றால் அது நடந்திருக்கக் கூடியது: ‘இஃப் ஹீ வாஸ் அட் மஸ்டர் யெஸ்டர்டே, ஹீ ஹேர்ட் இட்’. இங்கே ‘வேர்’ பிழை.

ஹட்டன் மாணவி:
கானையும் (கழிவுநீர் வாய்க்கால்) சேர்த்து எழுதுறேன்: ‘வீ ஆல்சோ ரிக்குவெஸ்ட் தட் த டிரெய்ன் நொட் பீ லெஃப்ட் ஓபன்’. சரியா டீச்சர்?

பண்டாரவளை டீச்சர்:
சரி. ‘நொட்’ ‘பீ’க்கு முன்னாலேயே இருக்கட்டும், மாத்திடாதீங்க.