அப்பாவுக்கு எந்த மெஷின்? பாம்பன் வீட்டுக் குழுவில் மூன்று நாள் பேச்சு

குழு: பாம்பன் வீடு

வெள்ளி

நான், இரவு 8:05
அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் முடிகிறது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும், மழை பிடித்ததிலிருந்து நடை நின்றே போய்விட்டது என்று அம்மா சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஷார்ஜாவில் இருந்தபடியே ஒரு டிரெட்மில், அதாவது ஓடும் பெல்ட்டின்மேல் நின்ற இடத்திலேயே நடக்கும் மெஷின், பார்த்து வைத்திருக்கிறேன். 4 குதிரைத்திறன் மோட்டார், பெரிய திரை, 110 கிலோ வரை எடை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். இன்றிரவு வரைதான் தள்ளுபடி. படங்களை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் சரி என்றால் பணம் கட்டிவிடுகிறேன்.

சித்தப்பா (தங்கச்சிமடம்), இரவு 8:21
தம்பி, தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டாம். இதே மாதிரி ஒன்றை நான் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினேன் என்பது உனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு திரையில் ஏதோ ஒரு பிழை எண் காட்டிவிட்டு நின்றது. மதுரையிலிருந்து, அதாவது 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, மெக்கானிக் வருவதற்கு நாற்பது நாள் ஆனது. வந்தவர் மோட்டாரை இயக்கும் மின்போர்டு போய்விட்டது என்றார். உத்தரவாத அட்டையை எடுத்து நீட்டினேன். துருவினாலும் ஈரத்தினாலும் வரும் பழுதுக்கு அது பொருந்தாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். அன்றிலிருந்து அதன்மேல் துணிதான் காய்கிறது.

அண்ணன் (மண்டபம்), இரவு 9:10
தம்பி, நீ அனுப்பிய படங்களில் நான்காவதைப் பெரிதாக்கிப் பார். மெஷினின் அடித்தகட்டில் 230 வோல்ட், 1500 வாட் என்று இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். விளம்பரத்தில் இருப்பது போல 4 குதிரைத்திறனை விடாமல் கொடுக்க வேண்டுமானால் அது 3000 வாட்டாவது இழுத்தாக வேண்டும். இழுப்பதைவிட அதிகமான வேலையை எந்த மோட்டாராலும் தொடர்ந்து கொடுக்க முடியாது. ஆகவே அவர்கள் சொல்லும் 4 என்பது ஒரு கணம் எட்டிப் பிடிக்கும் உச்சம். நின்று உழைக்கும் திறன் இரண்டைத் தாண்டாது. விசைப்படகு இன்ஜின் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இதுதான்: கொட்டை எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தகட்டில் அடித்திருப்பதைப் படியுங்கள்.

நான், இரவு 9:18
அப்பா ஓடப் போவதில்லையே அண்ணா. மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக நடக்கப் போகிறவருக்கு இரண்டு போதாதா?

அண்ணன் (மண்டபம்), இரவு 9:34
மெதுவாக நடப்பது மோட்டாருக்குச் சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்பாவின் எடை 84 கிலோ. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த எடை பெல்ட்டை அடிப்பலகையோடு அழுத்திப் பிடிக்கிறது. மோட்டார் அதை மீறி இழுக்க வேண்டும். குறைந்த சுற்றில் அப்படி இழுக்கும்போது மின்சாரம் அதிகம் ஏறுகிறது, ஆனால் மோட்டாரின் தண்டிலேயே மாட்டியிருக்கும் விசிறி மெதுவாகச் சுற்றுவதால் காற்று குறைகிறது. சூடு உள்ளேயே தங்கி, மோட்டாரையும் அதை இயக்கும் போர்டையும் சேர்த்துக் கெடுக்கும். சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து அந்த மெஷினைக் கழற்றிப் பார்க்கட்டுமா?

சித்தப்பா (தங்கச்சிமடம்), இரவு 9:36
தாராளமாக வா. மதியச் சாப்பாடு இங்கேதான்.

சனி

அக்கா (ராமநாதபுரம்), காலை 6:50
இரவு டியூட்டி முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். மெஷின் எது என்பதற்கு முன்னால் அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். டாக்டர் எழுதிக் கொடுத்த அரை மணி நேரம் அந்தக் கணக்கில் அடங்குகிறது. அது நடையாக இருந்தாலும் வீட்டில் நிற்கும் சைக்கிளை மிதிப்பதாக இருந்தாலும் இதயத்துக்கு ஒன்றுதான். அப்பா சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று நாடித்துடிப்பை அடக்கி வைப்பது. கைப்பிடியில் உலோகத் தகடு வைத்து நாடி காட்டும் மெஷின்கள் பொதுவாகவே துல்லியமாகக் காட்டுவதில்லை. இந்த மாத்திரையோடு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உழைப்பைக் கூட்டினால் ஆபத்து. நடக்கும்போதோ மிதிக்கும்போதோ பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும். ஆகவே திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதே, தம்பி.

இன்னொன்று. அண்ணன் வீட்டுச் சின்னவளும் என் மகனும் வாரா வாரம் அந்த வீட்டில்தான் விளையாடுகிறார்கள். ஓடும் பெல்ட்டுக்கும் பின் உருளைக்கும் நடுவில் கை போனால் என்ன ஆகும் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன். 2021-இல் பெலோட்டான் நிறுவனம் தன் பெரிய டிரெட்மில்களில் ஏறக்குறைய 1,25,000-ஐ அமெரிக்காவில் திரும்பப் பெற்றது, ஒரு குழந்தை இறந்த பிறகு. விலை உயர்ந்த மெஷினிலேயே இது நடந்திருக்கிறது. மெஷின் ஓடத் தேவையான, சட்டையில் மாட்டும் பாதுகாப்புச் சாவியை ஒவ்வொரு முறையும் கழற்றி மேலே வைக்க அப்பாவுக்கு நினைவிருக்குமா என்பதையும் யோசி.

அப்பா, காலை 7:30
நினைவிருக்கும். ஆனாலும் பேரப்பிள்ளைகள் விஷயத்தில் என் நினைவை நம்பி இருக்க வேண்டாம். பரிசோதனையின்போது ஆஸ்பத்திரியில் நான் நடந்த மெஷின் அசையாமல் நின்றது. வீட்டுக்கு வருவதும் அப்படி நிற்குமா?

அக்கா (ராமநாதபுரம்), காலை 7:41
நிற்காது அப்பா. ஐ.எஸ்.ஓ. 20957 என்ற தரத்தில் வீட்டு உபயோகத்துக்கான மெஷினுக்கு எச் என்றும், ஜிம் போன்ற இடங்களில் நாள் முழுதும் ஓடும் மெஷினுக்கு எஸ் என்றும் தனித்தனி வகுப்பு உண்டு. ஆஸ்பத்திரி மெஷினின் கனமும் மோட்டாரும் வேறு. வீட்டு மெஷினில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஞாயிறு

அண்ணன் (மண்டபம்), மதியம் 1:15
சித்தப்பா வீட்டு மெஷினின் முன்மூடியைக் கழற்றிவிட்டேன். ஆறு படம் அனுப்பியிருக்கிறேன், வரிசையாகப் பாருங்கள். வெளியே பார்த்தால் பவுடர் கோட்டிங் இன்றும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு திருகின் தலையும் துருவில் பொரிந்து போயிருக்கிறது. ஸ்குரூடிரைவரை வைத்ததுமே இரண்டு தலை உதிர்ந்து விழுந்தது. போர்டுக்கு வரும் கனெக்டர்களில் பச்சைப் பொடி பூத்திருக்கிறது. விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கிறது. அது உப்பு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போர்டின்மேல் ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது. ஆனால் அதனால்தான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் தேய்ந்து கண்ணாடி போல மின்னியது, பலகையில் எண்ணெய்ப் பசையே இல்லை. என்ன எண்ணெய் விட்டீர்கள் என்று கேட்டேன். தையல் மெஷின் எண்ணெய் என்றார் சித்தப்பா. அங்கே சிலிக்கான் எண்ணெய்தான் விட வேண்டும், மற்ற எண்ணெய்கள் பெல்ட்டைக் கெடுக்கும். வாங்கும்போது இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெல்ட் காய்ந்ததால் மோட்டார் திணறியது, போர்டு சூடேறியது, ஏற்கெனவே உப்பு அரித்திருந்த இடத்தில் அது எரிந்துவிட்டது. மெஷினை வைத்திருந்ததும் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த ஜன்னல் கம்பியை நக்கினாலே உப்புக் கரிக்கும்.

சித்தப்பா (தங்கச்சிமடம்), மதியம் 1:32
காற்றோட்டம் வேண்டும் என்றுதான் அங்கே போட்டேன். மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டு மூடி வைத்திருந்தேன்.

அண்ணன் (மண்டபம்), மதியம் 1:36
பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துவிடும் சித்தப்பா. பருத்தித் துணிதான் நல்லது.

அப்பா, மாலை 4:20
படங்களைப் பார்த்தேன். பெரியவன் சொல்வது நான் முப்பது வருடம் பார்த்த வேலை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் துரு ஒருபோதும் தகட்டின் நடுவில் தொடங்கியதில்லை. ஆணித் தலையிலும், இரண்டு இரும்பு சேரும் இடுக்கிலும், தண்ணீர் தங்கும் மூலையிலும்தான் தொடங்கும். எவ்வளவு பராமரித்தும் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடற்காற்றுக்கு அந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. எந்த மெஷினாக இருந்தாலும் கவிழ்த்துப் போட்டு ஆணித் தலைகளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கினால் எப்படிக் கவிழ்த்துப் பார்ப்பது?

நான், மாலை 4:45
புரிகிறது அப்பா. ஆர்டர் போடவில்லை. அப்படியானால் சைக்கிள்தானா? நின்றபடி கையையும் காலையும் ஆட்டி மிதிக்கும் எலிப்டிகல் ஒன்றையும் பார்த்து வைத்திருந்தேன்.

அண்ணன் (மண்டபம்), மாலை 5:02
எலிப்டிகலில் அசையும் மூட்டுகள் அதிகம். ஒவ்வொரு மூட்டும் உப்புக்கு ஒரு வாசல், சில மாதங்களிலேயே கிறீச்சிடத் தொடங்கும். சைக்கிளிலும் எல்லாம் ஒன்றல்ல. விலை மலிவானவற்றில் கம்பளிக் கட்டை கனச் சக்கரத்தில் உரசித்தான் இறுக்கம் கொடுக்கும். அது தேயும், நாறும். காந்த இறுக்கம் உள்ளதில் காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை, அதனால் அந்த இடத்தில் தேய்மானம் கிடையாது. குரோம் பூசிய சக்கரம் வெளியே தெரிகிற வகை வேண்டாம், இங்கே சீக்கிரமே புள்ளி விழும். மூடிய சக்கரம், செயினுக்குப் பதிலாக பெல்ட், பேட்டரிக் கட்டை இரண்டில் ஓடும் சின்னத் திரை. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலை இல்லை, கரண்ட் போனாலும் அப்பா மிதிக்கலாம்.

அக்கா (ராமநாதபுரம்), மாலை 5:20
ஸ்பின் பைக் என்று விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் நாம் காலை நிறுத்தினாலும் சக்கரத்தின் வேகம் பெடலை இழுத்துக்கொண்டே சுற்றும், அப்பாவின் முழங்காலுக்கு அது ஆகாது. முதுகு சாய்ந்து உட்காரும் வகையாக, காலைத் தூக்கிப் போடாமல் நுழைந்து உட்காரும்படி இருக்க வேண்டும். மேலும், அப்பா, வேட்டியோடு மிதிக்கக் கூடாது. கரை பெடலில் சுற்றிக்கொள்ளும். பேன்ட் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா, இரவு 8:40
சாயங்காலம் மழை விட்டதும் பெரியவனும் நானும் உங்கள் அம்மாவும் ராமநாதபுரத்துக் கடைக்குப் போய்விட்டு வந்தோம். சாய்ந்து உட்காரும் சைக்கிள் இரண்டு வைத்திருந்தார்கள். முதலாவதைக் கவிழ்த்தபோது ஆணித் தலை இரண்டில் இப்போதே பழுப்பு ஏறியிருந்தது, அதை அங்கேயே விட்டுவிட்டோம். இரண்டாவதில் எல்லாம் சுத்தமாக இருந்தது. பதினைந்து நிமிடம் மிதித்தேன், அம்மாவோடு பேசிக்கொண்டேதான் மிதித்தேன், மூச்சு வாங்கவில்லை. சட்டம் ஆடவில்லை. பெல்ட்டும் பெடலும் தன்னிடமே இருப்பு இருக்கிறது என்று சொல்லி, கடைக்காரர் அவற்றை எடுத்துக் காட்டினார். சின்னவன் பார்த்து வைத்திருந்த விலையில் பாதிகூட ஆகவில்லை. நடு அறையில் நெல் மூட்டை இருந்த இடத்தை அம்மா ஒழித்துக் கொடுத்துவிட்டார், அங்கே கடல் பக்கம் ஜன்னல் கிடையாது. பெரியவன் நாளைக் காலை வேனில் ஏற்றி வருகிறான். சின்னவனே, நீ வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிடு, மிதித்துக்கொண்டே பேசுகிறேன்.