மாரியோ 3 முடித்துவிட்டு வேர்ல்டுக்கு வந்தேன், ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதே?

கேள்வி:

போன மாதம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 வீடியோ கேமை, உலகங்களைத் தாண்டவைக்கும் விசில் ஒன்றுகூட ஊதாமல், எட்டு உலகமும் ஒழுங்காகக் கடந்து முடித்தேன். எட்டாம் உலகத்தின் டாங்கி வரிசையில் எத்தனை உயிர் போனது என்று எண்ணவே இல்லை. முடித்த கையோடு சூப்பர் மாரியோ வேர்ல்டு தொடங்கி, இப்போது வானிலா டோம் என்ற பகுதி வரை வந்திருக்கிறேன்.

பார்க்க அழகாக இருக்கிறது. மாரியோ ஏறிப் போகும் டைனோசர் யோஷியை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு இறகு கிடைத்து, பறக்க வைக்கும் மேலங்கியான கேப் வந்துவிட்டால் பாதி லெவலை வானத்திலேயே கடந்துவிடுகிறேன். கீழே என்ன இருந்தது என்றே தெரிவதில்லை. 3இல் ஒவ்வொரு லெவலும் என்னோடு மல்லுக்கு நின்றது. இங்கே அது இல்லை. நான் ஆடும் விதம்தான் தப்பா? இரண்டையும் ஊறிப்போய் ஆடியவர்கள் சொல்லுங்கள். ரகசியங்களை உடைத்துச் சொன்னாலும் பரவாயில்லை.

பதில் 1:

தப்பே இல்லை. என்னைக் கேட்டால் 3தான். 5-3 லெவலில் வரும் அந்தப் பச்சை ஷூவை நினைத்துப் பாருங்கள். முள்மேல், செடிமேல் எல்லாம் தொப் தொப்பென்று குதித்துப் போகலாம். கேம் முழுக்க அந்த ஒரே லெவலில்தான் ஷூ வரும். வேறு யாராக இருந்தாலும் அதை வைத்தே பத்து லெவல் செய்திருப்பார்கள்.

அப்புறம், திரை விலகி ஆரம்பிக்கும், மேடைகள் ஆணி அடித்த மாதிரி பின்னணியில் நிற்கும், அவற்றின் நிழல் பின்னால் விழும். மொத்தமும் ஒரு நாடகம். மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவே 2015இல் அதை ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

பதில் 2:

நீங்கள் தப்பாக ஆடவில்லை. ஆனால் வேர்ல்டுக்குள் 3ஐத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் இரண்டே வருட இடைவெளிதான். 3 ஜப்பானில் 1988இல் வந்தது, வேர்ல்டு 1990இல் நிண்டெண்டோவின் புது மெஷின் சூப்பர் ஃபேமிகாமோடு சேர்ந்தே வந்தது. அதற்குள் அவர்கள் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது. ஒரே ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன்.

3இல் முதல் உலகத்துக் கோட்டை. பறக்க வைக்கும் ரக்கூன் வாலோடு ஓடி, வேகம் காட்டும் மீட்டரில் பி எரிந்ததும் எழும்பினால் கூரைக்கு மேலே போய்விடலாம். மாரியோ திரையில் தெரியமாட்டார். குருட்டாம்போக்கில் வலப்பக்கமே நடந்து, சுவர் தடுக்கும் இடத்தில் மேல் பொத்தானை அழுத்தினால் கதவு. உள்ளே பெட்டியில் விசில்.

வேர்ல்டில் டோனட் பேய் வீடு என்ற லெவல். நுழைந்ததும் ஓட இடம் பிடித்து, கேப்போடு எழும்பினால் இங்கேயும் கூரைக்கு மேலே நடக்கலாம். அந்தப் பக்கம் ஒரு கதவு. அதன் வழியாக வெளியே வந்தால் மேப்பில் புதிதாக ஒரு பாதை முளைக்கும். அது போய்ச் சேரும் டாப் சீக்ரெட் ஏரியாவில் ஒரு எதிரிகூட கிடையாது. பூ, இறகு, யோஷி எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

செய்தது ஒரே வித்தைதான். 3இல் அதற்குக் கிடைத்த விசில் உலகங்களைத் தாண்டிப் போவதற்கு. வேர்ல்டில் கிடைத்ததோ இன்னும் கொஞ்சம் உலகம். கேப்பை லெவலைக் கடக்கும் வண்டியாக வைத்துக்கொண்டால் எல்லாமே சப்பென்றுதான் இருக்கும். தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் சிவப்புப் புள்ளி இருந்தால் அந்த லெவலை முடிக்க இரண்டு வழி. நீங்கள் இப்போது நிற்கும் வானிலா டோமில் 1, 2 இரண்டுமே சிவப்புதான்.

அக்காவும் நானும் சின்ன வயதில் 3 ஆடும்போது மெஷினை அணைக்காமல் டிவியை மட்டும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்தப் பழைய கேசட்டில் சேவ் கிடையாது. வேர்ல்டு வந்ததும் அக்கா ஒரு நோட்டில் மேப்பை வரைந்து, சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். மொத்தம் 96 வழி. நாங்கள் 94இல் நின்றுவிட்டோம். வாரக்கணக்கில் நின்றோம். கடைசியில் அது சீஸ் பிரிட்ஜ். முடிக்கும் கேட்டுக்கு அடியில் யோஷியோடு போய், பள்ளத்தில் விழுவதற்குள் யோஷி முதுகிலிருந்து எம்பிக் குதித்து அந்தப் பக்கம் ஏற வேண்டும். அங்கே இன்னொரு கேட். அது சோடா லேக்குக்கு வழி விடும், அதையும் முடித்தால் 96. யோஷியை இழந்து அக்கா அந்தக் கரையில் இறங்கிய நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது.

சண்டை போடும் லெவல் வேண்டுமென்றால் 3தான், அதை மறுக்க மாட்டேன். லெவல் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வைக்கும் கேட் இல்லை, விழுந்தால் முதலிலிருந்து. அதனாலேயே ஒவ்வொரு லெவலையும் சின்னதாக, ஒரு துளி வீணில்லாமல் செய்திருக்கிறார்கள். வேர்ல்டில் அந்த இறுக்கம் கிடையாது. ஆனால் ஃபாரஸ்ட் ஆஃப் இல்யூஷன் என்ற காடு வரை போய்ப் பாருங்கள். அங்கே வழக்கமான கேட்டை எத்தனை முறை தொட்டாலும் காட்டுக்குள்ளேயே சுற்ற விடும். ரகசிய வழி கண்டுபிடிக்காமல் வெளியே வரவே முடியாது.

பதில் 3:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். வேர்ல்டிலும் குறுக்கு வழி உண்டு. ஸ்டார் ரோடு என்ற மறைவான பகுதியில் ரகசிய வழிகளாகவே பிடித்துப் போனால் நேராகக் கடைசி வில்லன் பவுசரின் கோட்டை வாசலில் கொண்டுபோய் விடும். ஆனால் அதையும் தேடித்தான் பெற வேண்டும் என்பதால் உங்கள் கருத்து நிற்கிறது.

மல்லுக்கு நிற்கும் லெவல் கேட்டவருக்கு: ஸ்பெஷல் பகுதியில் டியூபுலர் என்று ஒன்று இருக்கிறது. பலூனாக ஊதிப் பறந்துகொண்டே போக வேண்டும். ஸ்பெஷல் முழுவதையும் முடித்தால் மொத்த மேப்பும் இலையுதிர் கால நிறத்துக்கு மாறும். அதற்காகவாவது போங்கள்.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று டோனட் பேய் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். மூன்றாவது முயற்சியில் கூரை ஏறினேன். கதவு வந்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். வானிலா டோம் 2இல் ரகசிய வழியைத் திறக்கும் சாவியும் கிடைத்தது, சிவப்பு சுவிட்ச் அரண்மனை திறந்தது. இப்போது இறகு கிடைத்தால் முதலில் மேலேதான் பார்க்கிறேன். 3தான் இன்னும் என் மனதுக்கு நெருக்கம், ஆனால் இதை விடப்போவதில்லை.

இன்று சீஸ் பிரிட்ஜில் நிற்கிறேன். கேட்டுக்கு அடியில் போகிறேன், யோஷியோடு சேர்ந்தே விழுகிறேன். இறங்குவதற்கு எந்தப் பொத்தான்?

பதில் 2:

ஏ பொத்தான். சுழன்று குதிக்க அழுத்துவீர்களே, அதேதான். கேட்டைத் தாண்டிய பிறகு அழுத்துங்கள், முன்னாலேயே அழுத்திவிட்டால் கேட்டில் பட்டு லெவல் முடிந்துவிடும். யோஷி விழுவதைப் பார்க்காமல் வலப்பக்கமே அழுத்திப் பிடியுங்கள்.