விற்பனைக் கணக்கை அலச டக்டிபியா, ரேமில் ஓடும் டேட்டாபேஸா?

வணக்கம் நண்பர்களே. மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு விற்பனை ரிப்போர்ட் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு டக்டிபி (DuckDB) என்ற டேட்டாபேஸுக்கு மாறுவதா, எல்லாவற்றையும் ரேமில் வைத்து ஓட்டும் டேட்டாபேஸுக்கு மாறுவதா என்று யோசிக்கிறேன். பில்லில் பொருளுக்கு ஒரு வரியாகச் சுமார் 4 கோடி வரிகள், எல்லாமே எஸ்க்யூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸில். ஒரு பில்லைத் தேடினால் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். ஆனால் 3 வருட விற்பனையை ஊர்வாரியாக, பொருள்வாரியாகக் கூட்டச் சொன்னால் திணறுகிறது. தொகை மட்டும் போதும் என்றாலும் ஒவ்வொரு வரியையும் மற்ற விவரங்களோடு சேர்த்துப் படித்தாக வேண்டுமே!

அதையே ரேமில் ஏற்றி ஓட்டலாம் என்றார் ஒரு நண்பர். டிஸ்க் வேலை குறையும், சரி. ஆனால் வரி வரியாகப் படிக்கும் முறை மாறாதே. அப்புறம், கரண்ட் போனால் திரும்ப ஏற்ற வேண்டும். ரேமிலேயே ஓடும் ரெடிஸ் (Redis) இந்த மாதிரி கூட்டல் வேலைக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும், ரேமில் ஓடும் எஸ்ஏபி ஹானா (SAP HANA) எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

என் மனம் டக்டிபி பக்கம்தான் சாய்கிறது. தனி சர்வர் வேண்டாம், வரி வரியாக இல்லாமல் தொகை, ஊர், பொருள் என்று ஒவ்வொரு நெடுவரிசையையும் (column) தனித்தனியாகச் சேமிக்கிறது, ரேம் போதாவிட்டால் டிஸ்க்கையும் பயன்படுத்திக்கொள்ளும். அதே மாதிரி நெடுவரிசையாகத் தரவைச் சேமிக்கும் பார்க்கே (Parquet) கோப்புகளை நேரடியாகவே படிக்கும்.

தயக்கம் ஒன்றுதான். ஒரு புரோகிராம் எழுதுவதற்காக டக்டிபி கோப்பைத் திறந்து வைத்திருந்தால், வேறு புரோகிராம் அதைப் படிக்கக்கூடத் திறக்க முடியாது. எங்களுக்கோ மணிக்கொரு முறை புது பில்கள் ஏற வேண்டும். அதே நேரத்தில் பத்துப் பேராவது ரிப்போர்ட் பார்ப்பார்கள்.

இதை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுவதையும் படிப்பதையும் ஒரே சர்வீஸ் வழியாக விடுவதா, அல்லது புதிய கோப்பைத் தயாரித்துப் பழையதற்குப் பதிலாக மாற்றுவதா? 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.