டைல் மேலேயே லேமினேட் தரை: எங்கே தப்பு நடக்கும்?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு படுக்கையறைக்கு நானே லேமினேட் போடப் போகிறேன். அறை 3.60 × 2.93 மீட்டர், கீழே பழைய டைல். பலகை 8 மி.மீ. தடிப்பு, 192 மி.மீ. அகலம். பில்ட்-இன் அலமாரியும் வருகிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பலகைக்காரர்:
சுவரோர இடைவெளியில்தான். பலகையின் உள்பகுதி அழுத்திய மரநார். நம்மூர் ஈரக்காற்றில் விரியும், ஏர்கான் ஓடினால் சுருங்கும். சுற்றிலும் 10 மி.மீ. விடுங்கள். பலரும் சுவரோரம் சரியாக விட்டுவிட்டு, கதவு நிலையில் முட்ட வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு இடம் போதும், அறை நடுவே மூட்டு எழும்பிவிடும். மர நிலை என்றால் அடியை அறுத்துப் பலகையை உள்ளே நுழைத்துவிடுங்கள். இரும்பு நிலை என்றால் அங்கேயும் இடைவெளி விட்டு, மேலே ஓரப்பட்டை போடுங்கள்.

அலமாரியை முதலில் பொருத்திவிட்டு, தரையை அதன் அடி வரைக்கும் கொண்டுவாருங்கள். பலகை மேல் அலமாரியை நிறுத்தித் திருகினால் தரை அசைய முடியாது. ஸ்கர்ட்டிங்கும் (சுவரடிப் பட்டை) அப்படித்தான், ஆணியோ பசையோ சுவரில் மட்டும்.

அளவுகோல்:
வரிசைக் கணக்கை இப்போதே போடுங்கள். 2930-இல் இருபுற இடைவெளி 20 போக 2910 மி.மீ. முழுப்பலகை 15 வரிசை போட்டால் மிச்சம் 30 மி.மீ. தான். அவ்வளவு ஒல்லியான துண்டு, பலகைகள் ஒன்றையொன்று கவ்வும் பூட்டில் நிற்காது. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 111 மி.மீ.க்கு அறுத்து, நடுவில் 14 முழு வரிசை வையுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் தலைமூட்டுகளுக்கு (பலகைகளின் குறுகிய முனைகள் சேரும் இடம்) இடையே 30 செ.மீ. தள்ளல் வேண்டும். அறை 10.55 ச.மீ., 10% சேர்த்து 11.6 ச.மீ. வாங்குங்கள். பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவையுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி. டைல் மேலேயும் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் வேண்டுமா? மெத்தென்று இருக்க அண்டர்லே (பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்து விரிப்பு) இரண்டு அடுக்கு போடலாமா?

பலகைக்காரர்:
தாள் போடுங்கள். 0.2 மி.மீ., விளிம்புகள் 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். அண்டர்லேயிலேயே ஈரத்தடுப்பு இருந்தால் தனித்தாள் வேண்டாம். இரண்டு அடுக்கு அண்டர்லே கூடவே கூடாது. மிதிக்க மிதிக்கப் பலகை அமுங்கி, பூட்டு உடையும். 2 முதல் 3 மி.மீ. போதும்.

அதற்கு முன் டைலை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்கும் டைலைக் கழற்றி நிரப்புங்கள். 2 மீட்டர் நேர்ச்சட்டம் வைத்தால் பள்ளம் 3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

அளவுகோல்:
பின்னால் ஹாலுக்கும் போடும் எண்ணமிருந்தால், பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) கதவின் அடி உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். பலகையும் அண்டர்லேயும் சேர்ந்து 10, 11 மி.மீ. ஏறும். மரக்கதவின் அடியை இழைக்கலாம், அந்த இரும்புக் கதவில் கை வைக்கக் கூடாது. அது திறந்து சுழலும் இடத்தை மட்டும் டைலாகவே விட்டு, ஓரத்துக்குப் பட்டை போடுங்கள்.