சாக்ஸபோன் கலைஞர் காட்டோ பார்பியேரியை நேரில் கேட்டவர்கள் உண்டா?

ஹட்சன்கரை:
நானே ஆரம்பித்து வைக்கிறேன். 2014-இல் எனக்கு நியூயார்க்கில் வேலை. மேற்கு 3-ஆம் தெருவில் இருக்கும் ப்ளூ நோட் ஜாஸ் கிளப்பில் மனிதர் மாதம் ஒருமுறை வாசித்துக்கொண்டிருந்தார். பெயர்தான் பெரிது, உள்ளே பந்தியில் உட்கார்ந்த மாதிரி தோளோடு தோள் இடிக்கும். 81 வயது, அதே கறுப்புத் தொப்பி. இரண்டு வரி ஊதுவார், வாயை எடுத்து 'ஹேய்!' என்று ஒரு கத்தல், மறுபடி ஊதுவார். மூச்சு நீளவில்லை. ஆனால் அந்த முதல் சுரம் விழுந்ததும் என் பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இசைத்தட்டு:
நேரில் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு அறிமுகம் 1965-இல் ட்ரம்பெட் கலைஞர் டான் செரியோடு பதிவான 'கம்ப்ளீட் கம்யூனியன்' தட்டு. ஒரு பக்கம் முழுக்க இடைவெளியே இல்லாத ஒரே ஓட்டம். முதல் தடவை கேட்டபோது ஊசி தேய்ந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்! அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் பிறந்து, ரோம் வழியாக, வழக்கமான கட்டுகளை உதறிவிட்டு வாசிக்கும் ஃப்ரீ ஜாஸுக்குள் வந்தவர். அப்படிப்பட்டவர் 1976-இல் 'கலியென்டே' என்று பஞ்சுமெத்தை மாதிரி ஒரு தட்டு போட்டால் கோபம் வராதா? காசுக்குப் போய்விட்டார் என்றுதான் இன்றும் சொல்வேன்.

கரகரப்பிரியன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுவில் 1972-இல் 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். இயக்குநர் பெர்டொலூச்சியின் படம். இசை இவர், வாத்தியக் கோர்வை ஆலிவர் நெல்சன். கிராமி வாங்கிய இசை. வயலின்கள் பட்டுப்போல் போக, மேலே டெனார் சாக்ஸபோன் மட்டும் தொண்டை கிழியக் கதறும். அந்தக் கதறல் 65-இல் கற்றதுதான்.

நானும் டெனார் பழகுகிறேன். ஊதும்போதே தொண்டைக்குள் வேறொரு சுரத்தை முனக வேண்டும். இரண்டும் மோதித்தான் அந்தக் கரகரப்பு வரும். முயன்று பார்த்ததில் மூன்று நாள் குரல் கட்டிக்கொண்டது. வீட்டில் சந்தோஷம்.

ஹட்சன்கரை:
😀 உங்கள் வீட்டுக்காரர்களுக்கு என் வாழ்த்து. இசைத்தட்டு சார், அன்று அவர் 'கலியென்டே' தட்டில் வரும் 'யூரோப்பா'வையும் வாசித்தார். தட்டில் கேட்கிற வழவழப்பு துளிகூட இல்லை. இன்னொரு தடவை போகலாம், மாதாமாதம் வருகிறார்தானே என்று 2015 முழுக்கத் தள்ளிப்போட்டேன். 2016 ஏப்ரல் 2-இல் நிமோனியாவில் போய்விட்டார்.