பாட்டுக்கு ஒரு சந்தா போதும், செய்திக்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை?

கேட்பவன்_வாசிப்பவன்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. மாதம் ஒரு சந்தா கட்டினால் உலகத்தில் பதிவான பாட்டில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது, எந்த நிறுவனம் வெளியிட்டது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. செய்தி என்று வந்தால் அப்படி இல்லை. யாராவது ஒரு நல்ல புலனாய்வுக் கட்டுரையின் லிங்கை அனுப்புகிறார்கள், திறந்தால் இரண்டு பத்தியோடு நின்று சந்தா கேட்கிறது. அடுத்த லிங்க் வேறொரு பத்திரிகை, அதற்குத் தனிச் சந்தா. மாதத்துக்கு ஒரு கட்டுரை படிக்கிற பத்திரிகைக்கு வருடச் சந்தா கட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்? இலவசமாக வேண்டும் என்று கேட்கவில்லை. காசு கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறேன், கொடுப்பதற்கு ஒரு சரியான வழி இல்லை என்பதுதான் என் குறை.

இரண்டு தொழிலையும் இணையம் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் அடித்தது. இசை எழுந்து நின்றுவிட்டது. செய்தி ஏன் எழவில்லை? பத்திரிகைகள் ஒன்று சேர மறுப்பதுதான் காரணமா? இரண்டில் எதிலாவது வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய_டெஸ்க்:

சேர மறுப்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. பாட்டும் செய்தியும் சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரியான சொத்து இல்லை.

இசையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1999இல், பாட்டுக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் வந்தது, இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டு 2001இல் நிறுத்தவைத்தன, ஆனால் நகல் எடுப்பது நிற்கவில்லை. 2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை பாட்டுகளைத் தனித்தனியாக 99 சென்ட்டுக்கு விற்க ஆரம்பித்தது. ஒரு பாட்டுக்காக முழு ஆல்பம் வாங்குவது அத்தோடு போயிற்று, வருமானம் அப்புறமும் சரிந்துகொண்டேதான் இருந்தது. 2008இல் ஸ்பாட்டிஃபை தொடங்கியபோது அவர்கள் பேசி முடிக்க வேண்டிய பெரிய நிறுவனங்கள் நான்குதான்: யுனிவர்சல், சோனி, வார்னர், அப்போது தனியாக இருந்த ஈஎம்ஐ. நான்கும் சம்மதித்தால் மக்கள் தேடும் பாட்டில் பெரும்பங்கு வந்துவிடும், இல்லையென்றால் சேவையே இல்லை. அந்தப் பலத்தை வைத்து நிறுவனங்கள் ஸ்பாட்டிஃபையில் பங்கும் வாங்கிக்கொண்டன. 2023 கணக்குப்படி உலகப் பதிவிசை வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங்கில் இருந்து வருகிறது.

இப்போது செய்திக்கு வாருங்கள். ஒரு பாட்டை இன்னொருவர் பாடி வெளியிட்டால்கூட இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் ராயல்டி போக வேண்டும். ஒரு நிருபர் ஆறு மாதம் அலைந்து ஆவணங்களைப் பிடித்து எழுதிய செய்தியை இன்னொரு தளம் தன் வார்த்தையில் பத்து நிமிடத்தில் எழுதிப் போட்டால், அந்த நிருபருக்கு ஒன்றும் வராது. பதிப்புரிமை வாக்கியங்களுக்குத்தான், அதில் உள்ள உண்மைகளுக்குக் கிடையாது. அப்படி இருப்பதும் சரிதான், ஒரு உண்மையை ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ள முடிந்தால் அது இன்னும் மோசம். இந்தத் தகராறு இணையத்தோடு வந்ததும் இல்லை. 1918இலேயே அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் செய்திகளை எடுத்து, போட்டி நிறுவனமான இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் விற்றது என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்மைகள் பொதுச் சொத்து என்று ஒப்புக்கொண்டுதான், செய்தி சூடாக இருக்கும் வரை போட்டி நிறுவனம் அதை எடுத்து விற்கக் கூடாது என்று ஒரு சின்னத் தடுப்பை நீதிமன்றம் கொடுத்தது.

இன்னொன்று, நல்ல பாட்டை நூறு முறை கேட்போம். நேற்றைய செய்தியை இரண்டாவது முறை யார் படிக்கிறார்கள்? பழைய பாட்டுகள் இன்றும் பணம் கொண்டுவருகின்றன, பத்திரிகையோ ஒவ்வொரு நாளும் புதிதாகச் செலவு செய்தாக வேண்டும்.

முயற்சி நடக்காமல் இல்லை. நெதர்லாந்தில் பிளெண்டில் என்ற தளம் 2014இல் ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று விற்றுப் பார்த்தது, ஐந்து வருடத்தில் அதைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. பல பத்திரிகைகளை ஒரே சந்தாவில் தரும் ஆப்பிள் நியூஸ் பிளஸ் 2019இல் மாதம் 9.99 டாலருக்கு வந்தபோது நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் இரண்டுமே சேரவில்லை. டைம்ஸ் 2011இலேயே தன் வாசகரிடம் நேரடியாகச் சந்தா வாங்க ஆரம்பித்துவிட்டது, வாசகர் யார் என்ற விவரத்தை ஏன் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும்? அவர்கள் எடுத்த வழி வேறு. சமையல், பொருள் பரிந்துரை, விளையாட்டுச் செய்தி, 2022இல் விலைக்கு வாங்கிய வேர்டில் என்ற சொல் விளையாட்டு என்று எல்லாவற்றையும் தன் சந்தாவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். பழைய அச்சுப் பத்திரிகையில் வரி விளம்பரமும் குறுக்கெழுத்தும் ராசிபலனும் சேர்ந்து நீதிமன்ற நிருபருக்குச் சம்பளம் கொடுத்தன. அதே கணக்குதான் இது. இப்படிச் சேர்க்கப் பணபலம் வேண்டும், சின்னப் பத்திரிகையால் முடியாது.

இரண்டாம்_தந்தி:

மேலே சொன்னதில் சட்ட விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் "இசை எழுந்து நின்றுவிட்டது" என்று கேள்வியிலேயே வருகிறதே, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. எழுந்தது இசைத் தொழில். நான் சொந்தமாகப் பாட்டு பதிவுசெய்து வெளியிடுகிறவன், என்னைப் போன்றவர்கள் எழவில்லை.

நாம் கட்டும் சந்தா நாம் கேட்கும் பாடகருக்குப் போகிறது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். பெரும்பாலான சேவைகளில் அப்படிப் போவதில்லை. எல்லோர் காசையும் ஒரே தொகையாகச் சேர்த்து, சேவை தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு சின்னக் கலைஞரை மட்டும் கேட்டிருந்தாலும் உங்கள் காசில் பெரும்பங்கு உலகமே கேட்கும் நட்சத்திரங்களுக்குத்தான் போகும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி தாண்டினால்தான் ஒரு கேட்பு கணக்கில் வரும். 2024இல் இருந்து, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்பு வராத பாட்டுக்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டியே கிடையாது. அதனால்தான் முன்னிசையைக் குறை, குரலை முதலிலேயே கொண்டுவா என்று எங்களிடம் சொல்கிறார்கள். மெதுவாக விரியும் பாட்டு எழுதுகிறவன் என்ன செய்வது?

இதே முறையைச் செய்திக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நகராட்சிக் கூட்டத்தில் நடந்த டெண்டர் முறைகேட்டை நானூறு பேர் படிப்பார்கள், அந்த நானூறு பேருக்கு அது மிக முக்கியமான செய்தி. நடிகர் வீட்டுச் சண்டையை நாற்பது லட்சம் பேர் திறப்பார்கள். எண்ணிக்கைப்படி பிரித்தால் டெண்டர் செய்தி எழுதிய நிருபருக்கு என்ன மிஞ்சும்? ஒரே சந்தா கேட்பதற்கு முன்னால், அந்தக் காசு எப்படிப் பிரியும் என்பதைக் கேளுங்கள். சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் 2021இல் தனிக் கலைஞர்களுக்கு வேறு கணக்கு கொண்டுவந்தது, ஒரு ரசிகரின் காசு அந்த ரசிகர் கேட்டவர்களுக்குள் மட்டும் பிரியும். செய்தியிலும் அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

கேட்பவன்_வாசிப்பவன்:

பிரிக்கும் கணக்கை நான் யோசித்ததே இல்லை. அப்படியானால் ஒன்று கேட்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இசைப் பத்திரிகை என்ன ஆயிற்று? முன்பெல்லாம் ஒரு பாடகரைப் பற்றி யாராவது நீளமாக எழுதுவார்கள். இப்போது தேடினால் பாட்டு வரிகளும், அறிவிப்பை அப்படியே திருப்பி எழுதிய குட்டிச் செய்திகளும்தான் வருகின்றன.

ஓரக்குறிப்பு:

அந்தத் துறையில் எழுதிக்கொண்டிருந்ததால் பதில் சொல்கிறேன்.

ஆல்பம் வாங்கக் காசு செலவான காலத்தில் விமர்சனம் ஒரு வேலை செய்தது. கேட்பதற்கு முன்னால் எதை வாங்கலாம் என்று சொன்னது. இப்போது விமர்சனம் படிக்கிற நேரத்தில் பாட்டையே கேட்டுவிடலாம். "உங்களுக்கு இது பிடிக்கும்" என்று சொல்லும் வேலையையும் 2015இல் ஸ்பாட்டிஃபையில் வந்த டிஸ்கவர் வீக்லி போன்ற பிளேலிஸ்ட்டுகள் வாரம் தவறாமல் செய்கின்றன. 1952இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை என்எம்இ தன் வார அச்சிதழை 2018 மார்ச்சில் நிறுத்தியது. இணையத்திலேயே 1996இல் பிறந்து வளர்ந்த பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளத்தை 2015இல் கொண்டே நாஸ்ட் என்ற இதழ் நிறுவனம் வாங்கியது, 2024 ஜனவரியில் ஆட்களைக் குறைத்து தன் ஆண்கள் இதழான ஜிக்யூவோடு இணைத்தது. அச்சில் இருந்ததும் தப்பவில்லை, இணையத்தில் பிறந்ததும் தப்பவில்லை.

எனக்கு அதைவிட வலிப்பது ஆவணம் அழிவதுதான். 2019இல் மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளம், சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றிய கோப்புகள் போய்விட்டன என்றது. அதில் கோடிக்கணக்கான பாட்டு இருந்தது, பல கலைஞர்களுக்கு வேறு பிரதியே கிடையாது. 2024 ஜூனில் எம்டிவி நியூஸ் தளத்தின் பழைய கட்டுரைகள், இருபது வருடத்துக்கும் மேலான பேட்டிகளும் செய்திகளும், ஒரே நாளில் காணாமல் போயின. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் கிடைக்காமல் போயிற்று என்று பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. ஒரு பாட்டு எப்படி உருவானது, யாருக்கு எவ்வளவு காசு போனது, யாரை ஏமாற்றினார்கள் என்பதை எந்த பிளேலிஸ்ட்டும் சொல்லாது. அதை எழுதிய பக்கமும் போய்விட்டால் அப்புறம் கேட்க ஆளே இல்லை.

தோழர் இரண்டாம்_தந்தி சொன்ன பிரிக்கும் கணக்கைக்கூட யாரோ ஒரு நிருபர் ஒப்பந்தங்களைத் தோண்டி எழுதியதால்தான் நமக்கெல்லாம் புரிந்தது.

பழைய_டெஸ்க்:

ஓரக்குறிப்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்டிவி நியூஸ் கட்டுரைகளில் நிறைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இருக்கின்றன, அங்கே தேடலாம். நீங்களும் ஒரு நல்ல கட்டுரை படித்தால் பிரதி சேமிக்க அதன் முகவரியை அங்கே ஒட்டிவிடுங்கள், எழுதியவர் உங்கள் நண்பராக இருந்தால் கோப்பை அவரையே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சந்தா விஷயத்தில் கேட்பவருக்கு என் யோசனை: எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று தேடாதீர்கள், மற்றவர்கள் திருப்பி எழுதும் செய்தியை முதலில் யார் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். கட்டுரைக்குள் "இந்தப் பத்திரிகை முதலில் வெளியிட்டது" என்று ஒரு வரி எங்காவது இருக்கும். அடிக்கடி வரும் பெயருக்குக் கட்டுங்கள்.