எமரால்டில் கோல்பேட்டின் நட்பு மதிப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது?

மழைப்பூனை:

வணக்கம். என் பழைய கேட்ரிட்ஜிலிருந்து எடுத்த போக்கிமான் எமரால்டை எம்ஜிபிஏ எமுலேட்டரில் (கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஆடிக்கொண்டிருக்கிறேன். விக்டரி ரோடு குகையில் கோல்பேட் என்ற வௌவால் போக்கிமான் ஒன்றைப் பிடித்தேன். அது அடுத்த வடிவமான குரோபேட் ஆக வேண்டுமானால் நட்பு 220-ஐத் தொட வேண்டும், அப்புறம் ஒரு லெவல் ஏற வேண்டும். அந்த எண்ணை ஆட்டம் எங்கேயும் காட்டுவதில்லை. வெர்டான்டர்ஃப் ஊரில் ஒரு பெண்மணி ஜாடையாக ஒரு வரி சொல்வதோடு சரி.

நினைவகத்தில் தேடிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். குழப்பம் வரக்கூடாது என்று மற்ற ஐந்தையும் பெட்டியில் போட்டுவிட்டு கோல்பேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். புதிதாகப் பிடித்த கோல்பேட்டின் நட்பு 70. அதனால் முதலில் 70 என்று ஒரு பைட் தேடல் போட்டேன். வந்த முகவரிகளில் ஒன்றுகூட நடக்க நடக்கக் கூடவில்லை.

அடுத்து, மதிப்பு தெரியாது என்று வைத்துத் தொடங்கினேன். சைக்கிளில் ஆயிரம் அடி போவது, "கூடியது" என்று வடிகட்டுவது. இப்படி எட்டுச் சுற்று. சும்மா நின்றாலும் ஓடுகிற கடிகார எண்களைக் கழித்த பிறகு ஒரே ஒரு முகவரிதான் மிஞ்சியது. தொடக்கத்தில் எடுத்த சேவ் ஸ்டேட்டில் (ஆட்டத்தின் அந்த நொடியை அப்படியே சேமித்த கோப்பு) அதில் 137 இருந்தது, எட்டாவது சுற்று முடிவில் 168. நடந்தால் மட்டும் ஏறுகிறது, நின்றால் அசைவதில்லை. இதுதான் என்று நம்பி அதில் 220 எழுதினேன். கூட்டத் திரையைத் திறந்தால் கோல்பேட் இல்லை, அதன் இடத்தில் பேட் எக், அதாவது கெட்டுப்போன தரவுக்கு ஆட்டம் காட்டும் முட்டை, உட்கார்ந்திருந்தது. சேவ் ஸ்டேட் இருந்ததால் மீட்டுவிட்டேன்.

எண் ஏன் 70-இல் தொடங்கவில்லை? எழுதினால் ஏன் முட்டையாகிறது?

பழைய_கேட்ரிட்ஜ்:

தம்பி, நீங்கள் பிடித்தது நட்பு இல்லை, நட்புக்குக் காவல் நிற்கிற செக்சம், அதாவது தரவு கெடவில்லையே என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை. எட்டுச் சுற்று நடந்தது வீண் போகவில்லை, அந்த எண்ணிலிருந்தே உங்கள் நட்பு மதிப்பைச் சொல்ல முடியும். கீழே வருகிறேன்.

எமரால்டு போன்ற மூன்றாம் தலைமுறை ஆட்டங்களில் கையில் இருக்கும் ஒவ்வொரு போக்கிமானுக்கும் 100 பைட். முதல் 4 பைட் அதன் அடையாள எண். அடுத்த 4 அதைப் பிடித்த பயிற்சியாளர் எண். பிறகு பெயர், இன்னும் சில சில்லறை விஷயங்கள், 28-ஆவது பைட்டில் தொடங்கி 2 பைட் செக்சம். 32 முதல் 79 வரை உள்ள 48 பைட்தான் பூட்டிய பெட்டி. அதற்குள்தான் இனம், அனுபவம், நட்பு, தாக்குமுறைகள், ஈவி (பயிற்சியால் கூடும் திறன் எண்கள்), ஐவி (பிறவித் திறன் எண்கள்) எல்லாம். கடைசி 20 பைட்டில் லெவல், எச்பி (உயிர்ப் புள்ளிகள்), அட்டாக் போன்றவை பூட்டே இல்லாமல் கிடக்கின்றன. இந்த எண்கள் ஒரே தேடலில் சிக்குவதும், பூட்டிய எண்கள் சிக்காததும் இதனால்தான்.

பூட்டு எளியது. அடையாள எண்ணையும் பயிற்சியாளர் எண்ணையும் எக்ஸ்ஓஆர் செய்தால் (இரண்டின் பிட்டுகளையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று போட்டால்) வருவது சாவி. அந்தச் சாவியோடு 48 பைட்டும் நான்கு நான்காக எக்ஸ்ஓஆர் ஆகியிருக்கும். இப்படிப் பூட்டிய எண், உள்ளே ஒன்று கூடினால் வெளியேயும் ஒன்று கூடும் என்று சொல்ல முடியாது. சில நேரம் இறங்கும். உங்கள் "கூடியது" வடிகட்டி உண்மையான நட்பை இடையிலேயே கழித்துவிட்டது. "மாறியது", "மாறவில்லை" என்று மாற்றி மாற்றித் தேடியிருந்தால் தங்கியிருக்கும்.

செக்சம் பூட்டப்படுவதில்லை. பூட்டைத் திறந்த பிறகு உள்ள 48 பைட்டை இரண்டிரண்டாகக் கூட்டினால் வருவதுதான் அது. நட்பு தன் இரட்டையின் மேல் பைட்டில், அதாவது இரண்டாம் பைட்டில், இருப்பதால், நட்பு 1 ஏறினால் செக்சம் 256 ஏறும். அதாவது செக்சத்தின் இரண்டாம் பைட் சரியாக 1 ஏறும். நீங்கள் பார்த்தது அதைத்தான். அதை மட்டும் 220 ஆக்கியதும் கூட்டுத்தொகை பொருந்தவில்லை, ஆட்டம் அந்தப் போக்கிமானைக் கெட்டுப்போனது என்று முத்திரை குத்திவிட்டது.

இப்போது ஒன்று செய்யுங்கள். கோல்பேட்டின் இப்போதைய எச்பியை 2 பைட்டாகத் தேடுங்கள். கிடைத்த முகவரியிலிருந்து 86 பைட் பின்னால் போங்கள், அதுதான் 100 பைட்டின் தொடக்கம். சரியான இடமா என்று பார்க்க எட்டாவது பைட்டிலிருந்து பெயரைப் படியுங்கள். இந்த ஆட்டத்தின் எழுத்து அட்டவணையில் ஆங்கிலப் பெரிய "ஏ" 187, "பி" 188, அப்படியே வரிசை. பெயர் மாற்றாத கோல்பேட் என்றால் 193, 201, 198, 188, 187, 206 என்று இருக்க வேண்டும். இருந்தால் முதல் 8 பைட்டை இங்கே போடுங்கள்.

நடைவண்டி:

சேவ் கோப்பை பிகேஹெக்ஸில் (போக்கிமான் சேவ் கோப்புகளைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் மென்பொருள்) திறந்தால் நட்பு, ஈவி, ஐவி எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியுமே. இவ்வளவு கணக்கு எதற்கு?

பழைய_கேட்ரிட்ஜ்:

தெரியும். பார்க்க மட்டும் வேண்டுமானால் அதுவே போதும். இவர் ஆட்டம் ஓடும்போதே எண் மாறுவதைப் பார்க்கத் துடிக்கிறார். ஒரு முறை கையால் திறந்து பார்த்தவருக்கு மற்ற ஆட்டங்களிலும் எங்கே தோண்ட வேண்டும் என்று பிடிபட்டுவிடும். எமரால்டில் பணமும் இப்படித்தான் ஒரு சாவியோடு எக்ஸ்ஓஆர் ஆகியிருக்கிறது. ரூபி, சஃபையரில் அந்தப் பூட்டு கிடையாது.

மழைப்பூனை:

அண்ணா, பெயர் அப்படியே வந்தது! முதல் 8 பைட், ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை): 04 93 21 58, அடுத்து 62 01 47 31. என் 168 இருந்த முகவரி தொடக்கத்திலிருந்து சரியாக 29 தள்ளி இருக்கிறது. இயல்பு ரிலாக்ஸ்ட், ஐடி 00354.

பழைய_கேட்ரிட்ஜ்:

அருமை, 29 என்றால் செக்சத்தின் இரண்டாம் பைட்தான்.

பைட்டுகள் பின்னிருந்து முன்னாகப் படிக்கப்படும். அடையாள எண் ஹெக்ஸில் 58219304, தசமத்தில் 1478595332. அதை 25-ஆல் வகுத்தால் மீதி 7. இயல்புகளின் வரிசையில் முதலில் வரும் ஹார்டியை 0 என்று எண்ணத் தொடங்கினால் ஏழாவது ரிலாக்ஸ்ட், உங்கள் இயல்போடு பொருந்துகிறது. பயிற்சியாளர் எண் 31470162. அதன் கீழ்ப்பாதி 0162, தசமத்தில் 354, திரையில் தெரிகிற ஐடி. மேல்பாதி உங்கள் ரகசிய ஐடி, ஷைனி (அரிய நிறத்திலான போக்கிமான்) வருமா என்பதை முடிவு செய்வதில் அதற்கும் பங்கு உண்டு.

இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் சாவி 69669266.

48 பைட்டும் 12 பைட் கொண்ட நான்கு துண்டுகள். வளர்ச்சி, தாக்குமுறை, ஈவி, இதர. இவற்றை 24 விதமாக அடுக்கலாம், எந்த அடுக்கு என்பதை அடையாள எண்ணை 24-ஆல் வகுத்த மீதி சொல்லும். உங்களுக்கு மீதி 20. அந்த அடுக்கு: இதர, தாக்குமுறை, வளர்ச்சி, ஈவி. வளர்ச்சி மூன்றாவது, ஆகவே 56-இல் தொடங்குகிறது. நட்பு அதற்குள் 9 தள்ளி. ஆக 65-ஆவது பைட். அதற்கு உரிய சாவிப் பைட் ஹெக்ஸில் 92, தசமத்தில் 146.

70-ஐ 146-ஓடு எக்ஸ்ஓஆர் செய்தால் 212. நீங்கள் 70 என்று தேடியபோது அங்கே இருந்தது 212. நட்பு 79 ஆனபோது 221. அது 80 ஆனதும் 194-க்கு விழுந்திருக்கும். செக்சம் 137-லிருந்து 168, அதாவது 31 ஏற்றம். ஆகவே இப்போது நட்பு 101, 65-ஆவது பைட்டில் 247 இருக்க வேண்டும். பாருங்கள்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எமுலேட்டரை நிறுத்திவைத்து இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 220-க்கு 65-இல் 78. நட்பு 119 கூடுவதால் 29-இலும் 119 கூட்ட வேண்டும், 255-ஐத் தாண்டினால் 256-ஐக் கழித்துவிட வேண்டும். 168-உடன் 119 சேர்ந்தால் 287, ஆக 31.

நடந்தே ஏற்றுவதானால் 128 அடிக்கு ஒரு முறை, அதுவும் பாதி வாய்ப்பில், 1 கூடும். இன்னும் சுமார் 30,000 அடி. சூத் பெல்லை (போக்கிமானுக்கு மாட்டிவிடும், நட்பை வேகமாக ஏற்றும் மணி) நம்பி நடக்காதீர்கள். அது ஏற்றத்தை ஒன்றரை மடங்காக்கும்தான், ஆனால் பின்னம் வெட்டப்படுவதால் நடையின் 1 அப்படியே 1. லெவல் ஏறும்போது கிடைக்கும் 3 மட்டும் 4 ஆகும்.

மழைப்பூனை:

65-இல் 247 இருந்தது அண்ணா. எதையும் எழுதவில்லை. இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வெர்டான்டர்ஃப் தெருவில் மெதுவாக நடந்தேன். முதல் 128 அடியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை ஒரு அடி வைத்ததும் 247 சட்டென்று 244 ஆனது, அதே நொடியில் 168 என்பது 169. 244-ஐ 146-ஓடு போட்டுப் பார்த்தேன், 102. இனி லெவல் ஏற்றி 220 வரை போகிறேன், பெல் மாட்டியாயிற்று.